ஓரகத்தியின் நைலான் பூக்கள்

எண்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் நான் போட்ட குரோஷா பின்னல் விரிப்புதான் மேசையில் கிடக்கும். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து மெச்சுவார்கள். என் கொழுந்தனுக்குக் கிள்ளானிலிருந்து பெண் எடுக்கும் வரை அப்படித்தான் இருந்தது.

புதிதாக வந்த ஓரகத்தி நைலான் காலுறைத் துணியைக் கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிப் பூச்செய்வாள். அவள் செய்த ரோஜாவை முதலில் பார்த்த அன்று மாமியார் அதைத் தூக்கி வந்து என் விரிப்பின்மேல் வைத்தார்.

"இப்பதான் விரிப்பு எடுப்பா இருக்கு" என்றார்.

அவர் நகர்ந்ததும் நான் ரோஜாவை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு உறவினர் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. இரண்டு நாள் முன்பு, வெயிலில் துணி காயப்போடும்போது அவள் சொன்னாள்: "அக்கா, நம்ம கேட்டு பக்கத்து செம்பருத்திய செய்யப்போறேன். நாளைக்கு காலைல விரிஞ்ச பூவ முன்னால வச்சாத்தான் எனக்குக் கை ஓடும்."

மறுநாள் அவள் எழுவதற்குள் நான் செடியில் புதிதாய் விரிந்த பூ, மொட்டு எல்லாவற்றையும் பறித்தேன். நெருக்கிக் கோர்த்து மாலையாக்கி அம்மன் படத்துக்குப் போட்டுவிட்டேன். சாமி மேலிருந்து அவள் எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கையில் கம்பியோடு வந்தவள் செடியைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணுகூட இல்லையாக்கா?"

"சாமிக்கு வேணும்லா" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

முந்தின நாள் விரிந்து, சுருங்கி, காம்பிலேயே தொங்கிய பூக்களை மட்டும் நான் விட்டு வைத்திருந்தேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு அவற்றின் எதிரே உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் வெயில் சுட்டது அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து மணிக்கணக்கில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்தது.

புத்தாண்டன்று மேசையில் அவள் நைலானில் செய்த வாடிய செம்பருத்திக் கிளை நின்றது. குடை மடித்ததுபோல முறுக்கிய இதழ்கள், ஓரத்தில் கருஞ்சிவப்பு. யார் வந்தாலும் அதன் முன்னால்தான் நின்றார்கள். "ஐயோ, வாடின பூவுகூட இவ்வளவு அழகா?" என்றார் ஓர் அத்தை. நான் பாயசம் பரிமாறினேன். என் விரிப்பில் அன்று இரண்டு சொட்டுப் பாயசம் விழுந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே என் பொறாமைதான் என்பதை நினைத்து எனக்குப் பல நாள் மனம் ஆறவில்லை.

பிறகு ஒருநாள், கோயிலுக்குப் போன இடத்தில் சிமெண்டுத் தரையில் உதிர்ந்து கிடந்த அரளிப் பூக்களைக் கண்டேன். சில கவிழ்ந்தும், சில பாதி மிதிபட்டும் கிடந்தன. குனிந்து அவள் பார்ப்பதுபோலவே பார்த்தேன். அன்று முதல், கடையில் வாங்கிய பின்னல் மாதிரித்தாளைத் தள்ளிவிட்டு, ஒரு புது விரிப்பில் உதிர்ந்த பூக்களையே ஓரமெங்கும் பின்னத் தொடங்கினேன். மூன்று மாதம் ஆனது. நான் போட்டதிலேயே அதுதான் சிறந்தது.

"இந்த டிசைன் எப்படி வந்துச்சு?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டார்.

"சும்மா, தானா தோணுச்சு" என்றேன்.

ஓரகத்தி அருகில்தான் நின்றாள். விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா" என்றாள்.