லோயிஸ் தொட்ட மாவு

லோயிஸ் போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் மெசஞ்சரில் எழுதியிருந்தாள். படித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை... குக்கர் எத்தனை விசில் விட்டது என்றும் தெரியவில்லை. சாதம் குழைந்து கிடக்கிறது.

லோயிஸ் யார் என்று இதைப் படிக்கும் உங்களில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை.

அறுபதுகளில், நான் ஹைஸ்கூல் படித்தபோது, மாணவர் பரிமாற்றம் என்று அமெரிக்காவிலிருந்து செஞ்சிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியவள். என் வயதுதான், பதினாறு. பதிலுக்கு இங்கிருந்து யார் போனார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் போகவில்லை.

மூன்று மாதம் இருக்க வேண்டியவள். இரண்டாவது மாதத்திலேயே கிளம்பிவிட்டாள். ஏன் என்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த மறுநாளே யாரிடமும் சொல்லாமல் ராஜகிரிக் கோட்டைமேல் ஏறிவிட்டாள். தெருவே தேடியது. நைனா வெயிலில் பாதி மலை ஏறி மூச்சு வாங்க நிற்கிறார்... இவள் மேலேயிருந்து குதித்துக் குதித்து இறங்கி வந்து, அவரிடமே ஒரு சீத்தாப்பழத்தை நீட்டுகிறாள். திட்டப் போனவர் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைச் சீண்டினாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னுவாங்க. உங்க ஊட்ல மூணு மாசமாமே?"

"எம்மூட்டுப் பொண்ணு அது. உனுக்கு இன்னா வந்துச்சு?" என்றாள் அம்மா.

பேச்சுக்குச் சொல்லவில்லை. லோயிஸை அடுப்பங்கரைக்குள்ளேயே விட்டாள். அந்தக் காலத்தில், எங்கள் வீட்டில், அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆட்டுக்கல்லில் மாவு தள்ளிவிடக் கற்றுக்கொடுத்தாள். அந்த வழுக்கும் செம்பட்டை முடியில் கனகாம்பரம் நிற்காது. அம்மா விடாமல் நூல் போட்டுக் கட்டுவாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்குத் தமிழ் வராது. நடுவில் நான். என்ன அலட்டல் அலட்டினேன்! "நாங்கள் ரொம்ப மாடர்ன் குடும்பம்" என்று முதல் நாளே பீற்றிக்கொண்டேன்.

அந்த மாடர்ன் குடும்பத்தில் மாதம் மூன்று நாள் எனக்கு வீட்டுக்குள் இடமில்லை. பின்பக்கம், மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தனிப் பாய், தனித் தட்டு. என்னைத் தொட்டவர்கள் குளிக்காமல் உள்ளே போகக்கூடாது.

முதல் மாதம் அந்த நாட்களில் லோயிஸ் மெட்ராஸ் போயிருந்தாள். தப்பித்தேன். இரண்டாவது மாதம் மாட்டிக்கொண்டேன்.

"ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டாள். "காய்ச்சல். ஒட்டிக்கும். உள்ளே போ" என்றேன்.

பயப்படுகிற ஆளா அவள்? என் பாயிலேயே உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நேராக அடுப்பங்கரைக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அம்மா ஓடி வந்தாள். "அவள குளிச்சிட்டு வரச் சொல்லுடி."

"எப்டிம்மா சொல்றது? கோச்சிக்குவா." உண்மையில் எனக்குத்தான் வெட்கம். காரணம் கேட்பாளே!

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "சரி வுடு. நான் பாத்துக்கறேன்."

லோயிஸ் அந்தப் பக்கம் போனதும் குடத்துத் தண்ணீரைக் கொட்டி, புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் இறைத்து வைத்தாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள், என் பக்கத்தில் இருந்துவிட்டுப் போன லோயிஸ், அரைத்து வைத்த மாவை ஆசையாகக் கைவிட்டுக் கரைத்திருக்கிறாள்.

ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நின்ற காலம் அது. அந்த மாவை அம்மா முழுவதுமாக மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

லோயிஸ் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டாள். தண்ணீர் கொட்டியதையும் பார்த்திருக்கிறாள்.

என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "நான் தொட்டதாலா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஊருக்கெல்லாம் வாயாடி நான்... அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சும்மா தலையை ஆட்டினேன். அவளுக்கு அது ஆமாம் என்று பட்டதோ, இல்லை என்று பட்டதோ, இன்றுவரை தெரியாது.

நாலாம் நாள், அவளை எங்கள் வீட்டில் தங்கவைத்த மாணவர் பரிமாற்றக்காரர்களின் ஆள் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாண்டிச்சேரியில் வேறு வீடு பார்த்தாயிற்றாம்.

அம்மா கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னா கொற வச்சேன் நானு? கேட்டுச் சொல்லுடி!"

நான் கேட்கவே இல்லை. "படிப்புக்காவப் போறாளாம்மா" என்று நானாகச் சொன்னேன்.

சாகும்வரை அம்மா என்னிடம் அதையே கேட்டாள். லோயிஸ் ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு ஒரு கார்டு போட்டாள், நாலு வரி. நானும் நாலு வரி எழுதினேன். கோழை. வேறு என்ன சொல்ல?

மகள் எழுதியிருக்கிறாள்: "இந்தியாவைப் பற்றி அம்மா நிறையச் சொல்வார். செஞ்சி என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அங்கே என்ன நடந்தது ஆன்ட்டி?"

காலையிலிருந்து நாலு முறை டைப் செய்து நாலு முறை அழித்தேன். ஐந்தாவது முறை அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் இதை இங்கே போடுகிறேன்.

லோயிஸ்... எனக்குக் காய்ச்சல் இல்லை. மாதவிலக்கு. தீட்டு உன்னுடையது இல்லை, என்னுடையது. என்னைத் தொட்ட கை என்றுதான் அம்மா அந்த மாவைக் கொட்டினாள். கொட்டிவிட்டு அவள் அழுதாள், நான் பார்த்தேன்.

நீ அவள் பெண்தான். போய் வா.