ஆவணித் தேதி போட்ட நாலு படம்

செத்த வூட்டுக்குப் போய் போட்டோ எடுத்துட்டு வந்து, படத்துல என்னமோ பொகை மாதிரி தெரியுதுங்க, ஆவியா இருக்குமோன்னு எவனாவது கேட்டா, மொதல்ல லென்ஸைத் தொடைடான்னு சொல்ற ஆளு நான். அப்படிப்பட்டவன் சொல்றேன். கேட்டுட்டு நீங்க சிரிச்சாலும் பரவால்ல, உங்க எடத்துல இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

ரெண்டாயிரத்து ஏழு வாக்குல விருத்தாசலத்துல நானும் பாஸ்கரும் சேர்ந்து ஸ்டுடியோ வச்சிருந்தோம். ஆறாவதுலேருந்து ஒரே பெஞ்சு நாங்க. அவன் படம் எடுப்பான், நான் கம்ப்யூட்டர்ல உக்காந்து மிச்சத்தையெல்லாம் பார்ப்பேன், கண்ணு மூடியிருக்கிற மாமனாருக்கு வேற படத்துலேருந்து கண்ணை எடுத்து வைக்கிறதுலேருந்து ஆல்பம் வரைக்கும். எனக்குக் கேமரா புடிக்கத் தெரியாது, அவனுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது. அவன் போனா கடை இல்ல. அந்தக் கடையை நம்பித்தான் எனக்குப் பொண்ணே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஆடி மாசம் முகூர்த்தம் கெடையாது, ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம். அதனால ஆடி வந்தா கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்றது எங்க வழக்கம். அந்த வருசம் ஹார்டு டிஸ்க்கு ரொம்பி வழியுது. தெறந்து பார்த்தா நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் ரெண்டு, மூணு, அப்படியே நாப்பதைத் தாண்டிப் போவுது. பாஸ்கர் கார்டைக் கொட்டிட்டுப் போயிடுவான், பேரு வைக்கவே மாட்டான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, பீங்கான் கம்பெனிக்காரங்களுக்கு எடுத்த பொம்மைங்க, ஊறுகா ஜாடிங்க, எல்லாம் கலந்து கெடக்குது. ஒரு படத்துல தாலி கட்டறாங்க, அடுத்த படத்துல சூளையிலேருந்து எறக்கின நூறு புள்ளையாரு வரிசையா நிக்கறாரு.

தேதி வாரியா அடுக்கலாம்னா அதுலயும் ஒரு கூத்து. எங்க கேமராவுல பேட்டரியை ரொம்ப நாளு கழட்டி வச்சா தேதி ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும், மகராசன் அதைத் திருத்தவே மாட்டான். அதனால பாதி கல்யாணம் மார்கழியில நடந்த மாதிரி காட்டும். மார்கழியில எவன் கல்யாணம் பண்ணுவான்? பொடவையையும் மண்டபத்து வாசல் பேனரையும் பார்த்துப் பார்த்து நான் சரியான தேதியில கொண்டுபோய்ப் போடணும். இதை ஏன் சொல்றேன்னா, எங்க கேமராவுல தேதி பின்னால போவும், முன்னால போனதே இல்ல.

மூணாவது நாளு, மத்தியானம் சாப்ட்டு வந்து உக்கார்றேன், ரெண்டரை மணி, வெளிய ஆடிக்காத்து மண்ணை அள்ளி அடிக்குது. எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கினா, கடைசியில, அன்னிக்கித் தேதியையும் தாண்டி, நாலு படம் தனியா நிக்குது. ஆவணியில ஒரு தேதி. கேலண்டரைப் பொரட்டிப் பார்த்தேன், வளர்பிறை முகூர்த்தம்.

மொதல் படத்துல புதுசா ஒரு கடை, வாழமரம் கட்டியிருக்குது, ஸ்டுடியோன்னு போர்டு, கீழ ஸ்ரீமுஷ்ணம்னு எழுதியிருக்குது. ரெண்டாவதுல பாஸ்கர் ரிப்பன் வெட்டறான். மூணாவதுல எங்கக்கா விஜயா குத்துவெளக்கு ஏத்துது. அக்காவை ஸ்ரீமுஷ்ணத்துலதான் குடுத்திருக்குது, அந்தக் கட்டடமே எங்க மாமாவோடது, பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. நாலாவது படத்துல, நீங்க நம்புங்க நம்பாட்டிப் போங்க, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்கிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, பல்லு தெரியச் சிரிக்கிறேன். அந்த மாதிரி சட்டையே எங்கிட்ட கெடையாது. ஒட்டு வேலையான்னு பெருசு பண்ணிப் பார்த்தேன், தொழிலே அதுதானே, ஒட்டியிருந்தா கழுத்தோரமே காட்டிக் குடுத்துடும். ஒட்டு இல்ல.

சாயந்தரம் பாஸ்கர் டீ வாங்கிட்டு வந்தான். படத்தைக் காட்டல, பைத்தியம்னு நெனச்சிப்பானோன்னு வெக்கம். சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். "ஏண்டா, நீ தனியா எங்கயாச்சும் கடை போடப் போறியா?"

டீ கிளாஸைக் கீழ வச்சான். "எவன்டா சொன்னான்?"

"யாரும் சொல்லல. கேட்டேன்."

"கொளஞ்சியப்பர் மேல சத்தியமா இல்லடா. உன்னை வுட்டுட்டு நான் எங்க போவப் போறேன்?"

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்கிட்ட எங்க ஊர்ல பிராது கட்டுவாங்க. நம்மள ஏமாத்துனது யாரு, என்ன பண்ணாங்கன்னு எழுதி, அந்தக் காயிதத்தைச் சாமி முன்னால வச்சு, வேல்ல கட்டிட்டு வந்துட்டா சாமி பார்த்துக்கும். அந்தச் சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ண எங்க பக்கத்துல யாருக்கும் துணிச்சல் வராது. இருந்தாலும் மனசு கேக்காம அக்காவுக்கு ஒரு போன் போட்டேன். "எவன்டா உனக்கு இதெல்லாம் சொல்றான், போய் வேலையைப் பாரு"ன்னுச்சு. சரி, வைரஸா இருக்கும்னு என்னை நானே தேத்திக்கிட்டு நாலு படத்தையும் அழிச்சேன், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். படத்தை நம்பறதா சிநேகிதனை நம்பறதான்னு வந்தப்ப சிநேகிதனை நம்புனேன் பாருங்க, அதான் நான் பண்ண தப்பு.

ஆவணி பொறந்துச்சு. ஒரு நாளு அக்கா வூட்டுக்கு வந்து எனக்குன்னு ஒரு பையைக் குடுத்துச்சு. "வர்ற முகூர்த்தத்துக்கு நம்ம வூட்டுல ஒரு விசேஷம், இதைப் போட்டுக்கிட்டு வந்துடு." பிரிச்சேன், நீலக் கட்டம் போட்ட சட்டை.

போவாம இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. அந்த ராத்திரி பூரா நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா எல்லாம் பொய்யா இருக்கட்டும்னு பார்க்கத்தான் பஸ்ஸு ஏறினேன், அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு. அங்க போனா வாழமரம் நிக்குது, போர்டு நிக்குது. பாஸ்கர் என் மொகத்தைப் பார்க்காமலே, "உங்கிட்ட சொல்லத்தான்டா இருந்தேன்"ங்கறான். அக்கா, "மாமா கட்டடம் சும்மாதான் கெடக்குது, அவனும் பொழைக்கட்டும், சொன்னா நீ வுடமாட்டே"ங்குது. கம்மாபுரத்துலேருந்து வந்த போட்டோக்காரரு எங்க மூணு பேரையும் நிக்க வச்சு, "கொஞ்சம் சிரிங்க சார்"ன்னாரு.

சிரிச்சேங்க. வயிறு எரியுது, வாயி சிரிக்குது. கூடப் பொறந்ததும் கூடப் படிச்சதும் ஆளுக்கொரு பக்கம் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நிக்குதுங்க. அந்தச் சிரிப்புக்கு இன்னிக்கும் என் மேலயே எனக்கு ஆத்திரம்.

அடுத்த வாரம் மணவாளநல்லூர் போய் பிராது கட்டினேன். பொய்ச் சத்தியத்தை எழுதினேன், அக்கா மறைச்சதை எழுதினேன். அந்தப் படங்களைப் பத்தி மட்டும் எழுதல. சாமிகிட்ட சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு. மனுசங்ககிட்ட, சத்தியமா, ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்கல.

பத்து நாளு இருக்கும், பாஸ்கர் போன் பண்ணான், கொரலே சரியில்ல. "கடை தொறப்பு அன்னிக்கு எடுத்த கார்டு மொத்தமும் போயிடுச்சுடா. ஒரு படம்கூட வரல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அப்பறம் மெதுவா கேட்டான். "உங்கிட்ட இருந்த அந்த நாலையும் ஏண்டா அழிச்ச?"

போனை வச்சிட்டேன். அதுக்கப்பறம் அவங்கிட்ட பேசினதே இல்ல, அவன் கடை இருக்கிற தெருப்பக்கம்கூட போறதில்ல. அந்த நாலு படத்தைப் பத்தி அவனுக்கு எப்பத் தெரியும்னு ஒரு வார்த்தை கேட்டுடலாம்தான். அன்னிக்கு டீ கிளாஸைக் கீழ வச்சு சத்தியம் பண்ணப்பவே தெரியும்னு சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னுதான் கேக்காமலே இருக்கேன்.