கிரிம்பர் வாங்கிய கைடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைப்பது கிரிம்பரின் வேலை. எது திரும்ப உள்ளே போகலாம், எது குப்பைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது அவன் மனைவியின் வேலை. அவள் பதினாறு வருடமாக மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்பவள். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் பெயரைப் படிக்கமாட்டாள். கவிழ்த்துத் தேதியைத்தான் பார்ப்பாள்.

"இந்தப் பொட்டலம் போன மாசமே முடிஞ்சுபோச்சு."

"மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு."

"உங்க மூக்க நம்பினா ஊர்ல மருந்துக்கடையே வேண்டாம்" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கூடையில் போட்டாள்.

கிரிம்பர் என்பது ஆபீசில் ஒட்டிக்கொண்ட பெயர். நெட்வொர்க் கேபிளின் நுனியில் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை வைத்து அழுத்துகிற இடுக்கிக்கு கிரிம்பர் என்று பெயர். பத்தொன்பது வருடமாக அது அவன் பெல்ட்டில் தொங்குகிறது. ஏழு மாடிக் கட்டடத்தில் எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ என்று நினைத்து நடந்துகொண்டே இருப்பான். நான்காம் மாடி மூலையில் இருக்கும் சர்வர் அறையின் சாவி அவனிடம்தான். ஆபீஸ் முழுவதும் வேர்த்துக் கொட்டும்போதும் அங்கே மட்டும் சில்லென்று இருக்கும். ஆயிரம் பச்சை விளக்குகள் கண் சிமிட்டும். மதியச் சாப்பாட்டை அந்த அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதில் அவனுக்கு ஒரு சொந்த வீட்டுச் சுகம்.

அந்தச் சாவிக்குத்தான் இப்போது ஆபத்து. வெள்ளிக்கிழமை புது மேனேஜர் அவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தார். நெட்வொர்க்கைத் தொடுகிறவர்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்குள் நெட்வொர்க்கிங் சான்றிதழ்ப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சைக் கட்டணத்தைக் கம்பெனி ஒரே ஒரு முறை கட்டும். தேறாதவர்களுக்கு அடித்தள ஸ்டோரில் இடம்.

"ஸ்டோர்ல என்ன வேலை?" என்று கேட்டாள் மனைவி.

"உடைஞ்ச நாற்காலிய எண்ணுற வேலை."

அவள் அடுத்த டப்பாவைக் கவிழ்த்துத் தேதி பார்த்தாள். பிறகு, "அண்ணன்கிட்ட கேளுங்க. அவரு இந்தப் பரீட்சையெல்லாம் எழுதினவருதானே" என்றாள்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தங்கை போனில் சொன்ன ஒரு மணி நேரத்தில் மச்சான் வந்து நின்றார். செங்கல்லுக்குச் சட்டை போட்டதுபோல ஒரு கைடு அவர் கையில். மச்சான் ஒரு பெரிய கம்பெனியில் நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவர். கேபிளைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது மீட்டிங்கில் உட்காருவதுதான் வேலை. பரீட்சையில் தேறிய சான்றிதழை ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். வருகிறவர்களை அதற்கு எதிரே உட்கார வைப்பார்.

"மாப்பிள்ளே, இந்த கைடப் படிச்சு பெயிலானவன் ஒருத்தன் கிடையாது."

"எத்தன பேர் படிச்சாங்க மச்சான்?"

"நான்தான் படிச்சேன்."

புத்தகம் சும்மா கிடைத்தாலும் கிரிம்பர் எதையும் சோதிக்காமல் எடுத்துக்கொள்பவன் அல்ல. அடுத்த சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிப் புத்தகக் கடைக்குப் போனான். அங்கே இதே பரீட்சைக்கு மட்டும் ஒன்பது கைடுகள் இருந்தன. முப்பதே நாளில் தேறலாம் என்றது ஒன்று. கேள்வியும் பதிலும் மட்டும் அடைத்தது இன்னொன்று. ஆரஞ்சு அட்டை போட்ட ஒல்லியான ஒன்றில் ஓரமெல்லாம் கணக்குப் போட இடம் விட்டிருந்தார்கள்.

அவனுக்கு ஒரு வழிமுறை இருந்தது. புது ஆள் வேலைக்கு வந்தால் முதலில் ஒரு கேபிளைக் கொடுத்துக் கிளிப் போடச் சொல்வான். ஆள் எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும். புத்தகத்துக்கும் அதையே வைத்தான். ஒவ்வொன்றிலும் கேபிள் பாடத்தை மட்டும் திருப்பினான். ஆரஞ்சுப் புத்தகத்தின் படத்தில், எட்டுக் கம்பிகளின் வரிசையில் நீலமும் பச்சையும் இடம் மாறி இருந்தன. கிரிம்பர் அதை இரண்டு விரலால் பிடித்து அலமாரியில் திரும்ப வைத்தான்.

பையிலிருந்து மச்சானுடைய செங்கல் புத்தகத்தை எடுத்துத் திறந்தான். 'மேல்தோலை உரிக்கும்போது அவசரப்பட்டால் உள்கம்பியில் கீறல் விழும். அது இன்றைக்கு வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து உங்கள் காலை வாரும்' என்று எழுதியிருந்தது. கிரிம்பருக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதியவன் கேபிள் இழுத்தவன்.

ஒரு மணி நேரம் நின்று ஒன்றும் வாங்காமல் கிளம்பியவனைக் கடைக்காரர் பார்த்தார். "நாற்காலி போடட்டுமா சார், நாளைக்கும் வருவீங்களா?"

வீட்டில் மனைவி செங்கல் புத்தகத்தை வாங்கினாள். பெயரைப் பார்க்கவில்லை. முதல் தாளின் பின்பக்கம் திருப்பினாள்.

"இது அச்சடிச்சு ஒன்பது வருஷம் ஆச்சுங்க."

"அதனால என்ன? கம்பி கம்பிதான்."

"மாத்திரையும் மாத்திரைதான். தேதி முடிஞ்சா எங்க கடையில யாருக்கும் குடுக்கிறதில்ல."

"நீ எல்லாத்தையும் உன் கடைக் கண்ணாலயே பாரு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினான்.

மூன்று வாரம் ஆனந்தமாகப் படித்தான். கேபிள் பாடத்தை இரண்டு தடவை படித்தான். சுவரில் துளை போடும் பகுதியை மனைவிக்கு வாசித்துக் காட்டினான். நெட்வொர்க் முகவரிகளைக் கூறுபோடும் கணக்கு வந்தபோது, ஒரு தெருவை இத்தனை வீடு என்று பிரிக்கிற மாதிரியான அந்த சப்நெட் கணக்கை, அப்புறம் பார்க்கலாம் என்று மடித்து வைத்துத் தாண்டினான். ஆபீசில் அந்த எண்களை யாராவது சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அவன் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவான். அவ்வளவுதான் அவனுக்கும் அதற்கும் பழக்கம்.

கல்லூரியில் படிக்கும் மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

"அப்பா, நீங்க படிக்கலப்பா."

"பின்ன என்ன பண்றேன்?"

"தலையாட்டிட்டு இருக்கீங்க. ஆமா ஆமான்னு."

அவன் முறைத்தான். அவள் அசரவில்லை. பரீட்சை நடத்துகிறவர்களே வெளியிட்ட பாடப் பட்டியலை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பட்டியலில் ஒவ்வொரு வரியாக அவள் படிக்க, செங்கல் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்தால் டிக், இல்லையென்றால் வட்டம். மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு வரிகளில் முப்பத்தொன்றுக்கு வட்டம் விழுந்தது. புத்தகம் அச்சான காலத்தில் அந்த விஷயங்களில் பாதி பிறக்கவே இல்லை. கேபிளுக்கு மொத்தமே நாலு வரி.

"நாலா?" என்றான் கிரிம்பர். தாளை வாங்கிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

மனைவி மடித்த துணியை மேஜையில் வைத்தபோது சத்தம் கொஞ்சம் கூடவே கேட்டது.

மறுநாள் மதியம் சர்வர் அறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் தன் தப்பு அவனுக்கு விளங்கியது. தனக்குத் தெரிந்த பாடத்தை வைத்து வாத்தியாரைப் பிடித்திருக்கிறான். தன்னைத் தட்டிக்கொடுக்கிற புத்தகமாகத் தேடி எடுத்து, தட்டிக்கொடுத்தது போதாதென்று இரண்டாம் தடவையும் வாசித்திருக்கிறான். கையில் இருந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் கரைந்துவிட்டது. ஸ்டோரில் உடைந்த நாற்காலிகள் அவனுக்காகக் காத்திருந்தன.

சனிக்கிழமை கடைக்காரர் அவனைக் கண்டதும் நிஜமாகவே ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். இந்த முறை கிரிம்பர் கைடுகளை ஒவ்வொன்றாக எடுத்து சப்நெட் பாடத்தை மட்டும் திருப்பினான். புரியாத பக்கம் எதுவோ, அதையே இரண்டு தடவை வாசித்தான். இரண்டாம் தடவையும் புரியாவிட்டால் கீழே வைத்தான். ஆறு புத்தகம் போயிற்று. ஏழாவது ஆரஞ்சு அட்டை. அதில் ஒரு நீளமான கோட்டைப் போட்டு, பாதியாக வெட்டு, மறுபடி பாதியாக வெட்டு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஓரத்து இடத்தில் அவன் பென்சிலால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தான். கடைசிப் பக்கத்து விடையோடு பொருந்தியது. இன்னொன்று போட்டான். அதுவும் பொருந்தியது.

பிறகு கேபிள் பாடத்துக்குப் போய், நீலத்தையும் பச்சையையும் அம்புக்குறி போட்டு இடம் மாற்றினான்.

"சார், பில் போட்டுட்டு எழுதலாமே" என்றார் கடைக்காரர்.

"எல்லாப் பிரதியிலயும் தப்பா இருக்கு. குடுங்க, மத்ததையும் சரி பண்ணித் தர்றேன்."

"உங்க புண்ணியம், இத மட்டும் எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் மனைவி கையை நீட்டினாள். கவிழ்த்தாள், தேதி பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "சரி" என்றாள். பதினாறு வருடக் கவுன்ட்டரிலிருந்து வந்த 'சரி' அது.

பிறகு படிப்பில் சுகம் எதுவும் இல்லை. பஸ்ஸில் கணக்கு, மதியச் சாப்பாட்டோடு கணக்கு, பாத்திரம் தேய்க்கும்போது மகள் கேள்வி கேட்க ஈரக்கையோடு பதில். ஒரு நாள் தப்பாகச் சொன்னதற்கு அவளே, "அப்பா, நாற்காலி... நாற்காலி..." என்று பாட்டு மாதிரி இழுத்தாள். அடுத்த கேள்விக்குச் சரியாகச் சொன்னான்.

பரீட்சை முடிந்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்தது. தேற வேண்டியது எழுநூற்று இருபது. அவனுக்கு எழுநூற்று முப்பத்தொன்று. கேபிளைப் பற்றி வந்தது இரண்டே கேள்வி. திங்கட்கிழமை மேனேஜர் அச்செடுத்த தாளை வாங்கிப் பார்த்து, கோப்பில் செருகி, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். கிரிம்பர் அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சாப்பிட்டான்.

சாயங்காலம் மச்சான் பழப்பையோடு வந்தார். ஹாலில் உட்கார்ந்து, மேஜையில் கிடந்த ஆரஞ்சுப் புத்தகத்தை விரலால் புரட்டிக்கொண்டே பேசினார்.

"சொன்னேனில்ல மாப்பிள்ளே? என் கைடு கைவிடாதுன்னு. எங்க அது?"

மகள் மூலையைக் காட்டினாள். வீட்டு ரவுட்டர் செங்கல் புத்தகத்தின் மேல் உட்கார்ந்து பச்சையாகக் கண் சிமிட்டியது. "அதனாலதான் மாமா வீட்ல சிக்னல் நல்லா இருக்கு."

மச்சான் சிரித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். ஒரு தடவ பாஸ் பண்ணிட்டா போதும், சர்டிபிகேட் ஆயுசுக்கும் பேசும்."

"அப்படி இல்லையே மச்சான்" என்று கிரிம்பர் தயங்கினான். "மூணு வருஷந்தான் செல்லுமாம். அப்புறம் திரும்ப எழுதணுமாம். கீழேயே தேதி போட்டிருக்கு."

பழத்தைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, உங்க ஹால்ல மாட்டியிருக்கீங்களே, அதுல என்ன தேதி போட்டிருக்கு?"

மச்சான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரவுட்டரைப் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேடி மாட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மகள் மேஜையைப் பார்த்தாள். ஆரஞ்சுப் புத்தகத்தைக் காணவில்லை.