மைன்ஸ் துணி

வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றதால், குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். எதையும் கழற்றுமுன், தேங்கிய தண்ணீரை இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பார் என்று பக்கத்து பிளாக்கில் சொல்லியிருந்தார்கள். என் வீட்டிலும் அப்படியே செய்தார்.

"மைன்ஸ் துணிய இதுல போடறீங்களாம்மா?"

"இல்லங்க. அத வீட்டுக்காரரே பின்னாடி கல்லுல துவைச்சிடுவாரு."

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் அதுதான் வழக்கம். பழுப்பு நிலக்கரித் தூள் படிந்த சீருடை மெஷினுக்கு ஆகாது.

அவர் மெஷினுக்கு அடியிலிருந்த குழாயைக் கழற்றினார். பழுப்புச் சேறு கட்டிகட்டியாக விழுந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் என் கணவர், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், சீருடையை இதில் போட்டெடுத்துக் கொடியில் காயவைத்திருக்கிறார். இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் சிரித்தார். "சார் உங்களுக்குத் தெரியாம போட்டுக்கினு இருக்காரு. சொல்லி வைங்கம்மா."

என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"இனிமே போட மாட்டாருங்க."

"எல்லா வூட்லயும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார், சேற்றை வழித்துக்கொண்டே. "ரெண்டு நாள் சும்மா இருப்பாரு. நீங்க அந்தாண்ட போனதும் மறுபடியும் போடுவாரு, பாருங்க."

அந்த மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதாலோ என்னவோ, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடியைத்தான் முதலில் பார்த்தேன்.