கண்ணாடி மடக்கின மாப்பிள்ளை

இந்த நாட்டில் கார்கள் றோட்டில்தான் தூங்குகின்றன. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. மழையும் பனியும் கொட்டக் கொட்ட, ஆசையாக வாங்கிய வாகனத்தை வாசலில் விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, திரையை இழுத்து மூடிக்கொண்டு இவர்கள் நிம்மதியாக உறங்கிவிடுகிறார்கள். எங்கள் ஊரான கல்முனையில் வாடகைக்கு விடும் ஒரு ஹயர் கார் வைத்திருப்பவர் அதற்கென்று ஓலைக்கொட்டில் போட்டு, பழைய சாரனால் முகம் துடைத்து, ஆடு ஏறிப் படுக்காமல் தட்டி வைத்து மறைத்த பிறகுதான் தன் பாயை விரிப்பார். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் மாமாவின் ஒஸ்டின் காரை ஆறு வருடம் ஓட்டியவன் நான். இங்கே காலுறை நெய்யும் ஆலையில் வேலை செய்து, இரண்டாம் வருடம் கடுகு நிறத்தில் ஒரு டட்சன் வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்தது. கொட்டில் கட்ட இடமில்லை, தட்டி வைத்தால் அயலவர் சிரிப்பார்கள். என்னால் முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு மாலையும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கதவோடு ஒட்ட மடக்கிவிட்டு, வீட்டுக்குள் போவேன்.

அது பாதுகாப்புக்காகச் செய்தது என்று சொன்னால் பொய். அது கைப்பழக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் கார் ஓட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மதில், நடுவில் காருக்கும் மதிலுக்கும் இடையே ஒரு பூனை நுழையும் இடைவெளி. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கார் பெண் வீட்டு வாசல் கடப்படிவரை போகாவிட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. ஆகவே ஒழுங்கை முனையில் நிறுத்தி, கண்ணாடிகளை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். என் கலியாணத்தன்று காரை ஓட்டியவன் என் மச்சான். அவன் கண்ணாடியை மறந்துவிட்டான். கோட்டும் தொப்பியும் மாலையுமாகப் பின்சீற்றில் இருந்த நான் பொறுக்கமாட்டாமல் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, முன்கதவுக் கண்ணாடியை நானே மடக்கினேன். மாலை அறுந்து மதிலில் தொங்கியது. குரவை போட நின்ற பெண்கள் குரவையை மறந்து சிரித்தார்கள். இன்றுவரை என் மனைவி ஸரீனாவின் ஊரில் எனக்குப் பெயர் ‘கண்ணாடி மடக்கின மாப்புள’.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் போத்தல் எடுக்கக் கதவைத் திறந்தேன். எங்கள் தெரு முழுவதும் கண்ணாடித் தூள் மினுங்கியது. சனிக்கிழமை மதுக்கடையிலிருந்து திரும்பிய யாரோ வரிசையாக நின்ற கார்களின் பக்கக் கண்ணாடிகளை உதைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பன்னிரண்டு கார் நிற்கும் தெருவில் பதினொன்று உடைந்துவிட்டன. பன்னிரண்டாவது என்னுடையது. அது மட்டும் காதை மடக்கிய முயல் மாதிரி ஒன்றும் அறியாமல் நின்றது.

இதுவே கல்முனையில் நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் நூறு பேர் கூடியிருப்பார்கள். சைக்கிள்கடைக்காரர் சேதத்தை மதிப்பிட்டிருப்பார். ஐந்து பேர் மேல் சந்தேகம் விழுந்து, மூன்று பேர் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டு, பள்ளிவாசல் நிருவாகத்துக்கு ஆள் போயிருக்கும். உடைந்த காரின் சொந்தக்காரர் தேத்தண்ணி ஊற்றியே களைத்திருப்பார். இங்கே பதினொரு வீட்டுக் கதவும் திறந்தன. பதினொரு பேரும் தும்புத்தடியோடு வந்தார்கள். அவரவர் கார் அடியில் கிடந்த தூளை அவரவர் கூட்டி, தலையை ஆட்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குக் கூட்டவும் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு நடுத்தெருவில் நின்றேன். உண்மையைச் சொன்னால் வெட்கமாக இருந்தது.

பத்து மணியளவில் ஓர் இளம் பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். என் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

“உங்கள் கண்ணாடிகளை ஏன் மடக்கி வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார்.

“நான் எப்போதும் மடக்குவேன்,” என்றேன்.

“எப்போதுமா?”

“எங்கள் ஊரில் ஒழுங்கைகள் மிகவும் ஒடுக்கம்,” என்று சொன்னேன். அவர் எங்கள் அகலமான தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

உள்ளே ஸரீனா ஏற்கெனவே அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க, தெருவெல்லாம் உடஞ்சி கிடக்கு. நம்மடத மட்டும் அல்லாஹ் காப்பாத்தி வெச்சிரிக்கான். சும்மா இரிக்க ஏலுமா? சதக்கா குடுக்கணும்.”

“ஆருக்குகா குடுக்கிற?”

“உடஞ்சவங்களுக்குத்தான். பாற்சோறாக்கி ஊட்டுக்கு ஊடு குடுப்பம்.”

“வெள்ளக்காரன் பாற்சோறு திம்பானா?”

“பசிச்சாத் திம்பான். நீங்க கொண்டு போங்க.”

அவளோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த காலையில், அவர்களுடைய ஒழுங்கையில் தகரம் பறக்காமல் நின்றது அவளுடைய வீடு ஒன்றுதான். அவளுடைய உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, ஈர முற்றத்தில் மூன்று கல் வைத்து, வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாக்கிவிட்டார். நாளைக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பலாய், அந்த ஆபத்து, நம்மைத் தொடாமல் விலகிப் போனால், அது தொட்டவர்களுக்கு முதலில் சோறு போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கை தானாக அடுப்பை மூட்டும்.

ஸரீனாவின் சீதனப் பீங்கான்கள் ஒரு டசின், நீலக்கரை போட்டவை. சாரன்களில் சுற்றி, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவை. அவற்றில் பதினொன்றை எடுத்து, சதுரமாக வெட்டிய பாற்சோறு வைத்து, சீனி தூவி, இன்னொரு தட்டால் மூடித் தந்தாள். நான் கதவு கதவாகத் தட்டினேன். “உங்கள் கண்ணாடிக்கு மிகவும் வருந்துகிறேன், தயவுசெய்து சாப்பிடுங்கள்,” என்று பதினொரு தடவை சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பீங்கானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு கென், பஸ் ஓட்டுபவர், நல்ல மனிதர், “இது எதற்கு?” என்று கேட்டார். “என்னுடையது உடையவில்லையே, அதற்காக,” என்றேன். அவர் முகம் இறுகியது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது. குற்றம் செய்தவன்தான் சாப்பாட்டோடு வாசலுக்கு வருவான் என்று இவர்கள் நினைக்கிறார்கள். தெருவில் ஒருவனுடைய கார் மட்டும் தப்புகிறது. அவன் கண்ணாடிகளை முன்கூட்டியே மடக்கி வைத்திருக்கிறான். மறுநாள் வீடு வீடாகச் சோறு கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கிறான். நான் பொலிஸ்காரனாக இருந்தாலும் என்னைத்தான் பிடித்திருப்பேன்.

அன்று பின்னேரம் அதே பொலிஸ்காரர் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணியை மறுத்தால் விடயம் பெரிது என்று அர்த்தம். சாப்பாடு கொடுத்த கதையைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல என் விளக்கம் எனக்கே கள்ளக்கதை மாதிரிக் கேட்டது. கடைசியில் பாஸ்போட்டைக் காட்டச் சொன்னார். அதில் இருந்த விசா முத்திரை அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கக் கடிதம் அனுப்பியிருந்தேன். அவர் இலக்கத்தை எழுதிக்கொண்டார். யாரோ உதைத்த கண்ணாடிகளால் நாங்கள் இருவரும் பெட்டி கட்ட வேண்டி வருமோ என்று பயந்தேன். ஊரில் என்ன சொல்வது? பாற்சோறு கொடுத்ததற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்றா?

ஸரீனாவின் கவலை வேறு. மூன்று பீங்கான்கள் மட்டும் திரும்பி வந்திருந்தன. கழுவித் துடைத்து, கதவைத் தட்டாமல் வாசற்படியில் வைத்திருந்தார்கள்.

“வெறும் பீங்கானத் திருப்பி அனுப்புறாங்களே, ஒரு கரண்டி சீனி கூடவா இல்ல? மத்த எட்டும் எங்க? நான் சோறு குடுத்தது குத்தமா?” என்று அழுதாள்.

வியாழக்கிழமை நாலாவது பீங்கான் வந்தது. கதவைத் தட்டிக் கொண்டு வந்தவர் எதிர்வீட்டு டொரீன், ஐம்பது வயதிருக்கும், பாடசாலைச் சமையலறையில் வேலை. எதையும் முகத்துக்கு நேரே கேட்கும் பெண். நேராகக் குசினிக்குள் வந்து, “நீங்கள் செய்யாவிட்டால் ஏன் கொடுத்தீர்கள்?” என்று ஸரீனாவைக் கேட்டார்.

ஸரீனாவுக்கு ஆங்கிலம் ஒரு கைப்பிடி. அவள் என்னைப் பேச விடவில்லை. மேசையில் கோப்பைகளைக் கவிழ்த்து ஒரு ஒழுங்கை கட்டினாள். ஒவ்வொரு கோப்பை மேலும் ஒரு மூடி வைத்தாள், அது கூரை. பிறகு “ஊ” என்று ஊதி, கையால் வீசி எல்லா மூடிகளையும் குசினி முழுக்கப் பறக்கவிட்டாள். ஒரு மூடியை மட்டும் விட்டாள். அதைத் தொட்டு, “மை மதர் ஹவுஸ்,” என்றாள். அடுப்பில் இருந்த சட்டியைக் காட்டி, கோப்பை கோப்பையாக ஊற்றுகிற மாதிரிச் செய்து காட்டினாள். சூறாவளியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டொரீன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உலக யுத்தக் காலத்தில் அவர் சிறுமியாக இருந்தபோது இதே நகரத்தில் குண்டு விழுந்ததாம். அவர்களுடைய வரிசையில் அவர்களுடைய வீடு மட்டும் நின்றதாம். “என் அம்மா அந்த வாரத்துத் தேயிலை முழுவதையும் ஒரே கேத்தலில் போட்டுத் தெருவுக்குக் கொண்டு போனாள். பங்கீட்டுத் தேயிலை. அப்பாவுக்கு அந்த வாரம் வெறும் சுடுதண்ணி,” என்றார். சொல்லிவிட்டு, மேசையில் மிஞ்சிய அந்த ஒற்றை மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டொரீன் எழுந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி, முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒவ்வொரு வாசலிலும் அவருடைய கை மூடி பறப்பதைச் செய்து காட்டியதை ஜன்னலால் பார்த்தோம். பொலிஸ்காரரிடமும் அவரே பேசிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் முத்திரை ஒழுங்காக வந்தது. கென் வந்து என் தோளில் ஒரு அடி போட்டு, “நீ அப்படிச் சொல்லியிருக்கலாமே,” என்றார். நான் அதைத்தானே சொன்னேன் என்று சொல்லாமல் விட்டேன்.

மனம் நிறைந்துபோய், அன்றிலிருந்து ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி இந்தத் தெருவுக்கு வருவது எனக்கும் வரட்டும். ஆறு வருடம் ஒஸ்டினில் பழகிய கையை அடக்கிக்கொண்டு, என் கண்ணாடிகளை விரித்தபடியே விட்டேன். ஸரீனா திட்டினாள். நான் கேட்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை. பால் எடுக்கப் போனேன். தெருவில் பதினொரு கார்களும் புதிதாகப் போட்ட கண்ணாடிகளை அழகாக மடக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லாரும் என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று கதவிலிருந்து முறிந்து கம்பியில் தொங்கியது. என் டட்சனின் வலது பக்கத்துக் கண்ணாடி. நான் நடுத்தெருவில் நின்று வயிறு நோகச் சிரித்தேன். ஸரீனா எட்டிப் பார்த்து, “நல்லா இரிக்கி உங்கட வேல, கண்ணாடி மடக்காத மாப்புள!” என்றாள்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. டொரீன், கையில் அப்பிள் பை. அவருக்குப் பின்னால் கென், ஒரு நீலக்கரைப் பீங்கானில் முட்டை சான்ட்விச். “இறைச்சி போடவில்லை,” என்று முதலே சொன்னார். அதற்குப் பின்னால் மற்றவர்கள். கேக், பிஸ்கற், ஒருவர் தகரத்திலிருந்து எடுத்த பீச் பழம். “எங்களுடையது உடையவில்லையே, அதற்காக,” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மதியத்துக்குள் மீதி ஏழு பீங்கான்களும் வந்துவிட்டன. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. ஸரீனா அவற்றை மேசையில் அடுக்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் கென் பழைய கார் உடைக்கும் யாட்டிலிருந்து ஒரு கண்ணாடி கொண்டுவந்து அவர் கையாலேயே பூட்டித் தந்தார். கறுப்பு நிறம், இந்த நாட்டுக் காரொன்றிலிருந்து கழற்றியது, கதவோடு இறுக்கி முறுக்கும் சாதி. மடங்காது. இடது பக்கத்தில் இன்னும் டட்சனின் பழைய கண்ணாடி, தொட்டால் மடங்கும்.

இப்போதும் மாலையில் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியதும் என் கை தானாகப் போய் இடது கண்ணாடியை மடக்குகிறது. பிறகு காரைச் சுற்றி வலது பக்கம் வருகிறேன். அது மடங்காது என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.