போன் கடைக்காரன் பிறை பார்த்த நாள்

ஈயம் உருகும்போது வரும் அந்தப் புகை வாசம்... இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

மாவனல்லை பஜாரில் போன் ரிப்பேர் கடை போட்ட புதிது. கல்யாணமும் புதிது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரை உடைந்த டிஸ்ப்ளே, செத்த பேட்டரி, லென்ஸுக்குக் கீழே எறும்பு சைஸில் பார்ட்ஸ். வேலை முடிந்ததும் ஓய்வுக்கு என்ன செய்வேன்? என் சொந்தப் போனைப் பார்ப்பேன்.

ஒருநாள் கண்டி பஸ் வருகிறது என்று கை காட்டினேன்.

நின்றது தண்ணீர் பவுசர் லொறி.

ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கொஞ்ச நாளாகவே தூரத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியவில்லை. கண் போனால் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் போச்சு.

அன்றே மனைவி ஃபர்ஹானாவிடம் சொன்னேன். மறுநாள் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் சோதித்துவிட்டு, "பய வென்ன எபா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பயப்பட வேண்டாமாம். நாள் முழுக்கக் கிட்டத்தையே பார்த்துக் கண் இறுகிப் போயிருக்கிறதாம். இடைக்கிடை எழும்பித் தூரத்தைப் பார்த்தால் சரியாகிவிடுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு ஒரு குளிசைகூட இல்லையா?

கடையின் பின்கதவைத் திறந்தால் எதிரே றப்பர் தோட்டம். அதுவரை குப்பை கொட்டத்தான் அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி அங்கே பார்க்கத் தொடங்கிய முதல் நாட்களில் மலை முழுக்க ஒரே பச்சைக் கலங்கல். போகப் போக மரம் மரமாகப் பிரிந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்துப் புகை தெரிந்தது. மேல் சரிவில் சின்னக் கன்றுகள்...

தோட்டத்தில் வேலை செய்யும் செல்வி அக்கா, திருத்தக் கொடுத்த போனை எடுக்க வந்தபோது அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது நாங்க நட்ட கன்னுங்க தம்பி. பால் வெட்ட இன்னும் அஞ்சாறு வருஷம் போகுங்க."

அவ்வளவு காலமா என்றேன்.

"மரம்னா அப்படித்தாங்க. என் போன எப்ப தருவீங்க?"

அன்றிலிருந்து அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் என் அவசரம் கொஞ்சம் அடங்கும்.

அந்த வருஷ நோன்பின் இருபத்தொன்பதாம் நாள். பெருநாளைக்கு முன் போன் வேண்டும் என்று கடை நிறையக் கூட்டம். நோன்பு திறந்ததும் பிறை தெரிந்ததா, நாளை பெருநாளா என்று எல்லாரும் குனிந்து வாட்ஸ்அப்பில் தேடினார்கள். கஞ்சி கொண்டுவந்த ஃபர்ஹானா, என்னை இழுத்துக்கொண்டு கடைக்கு மேலே மொட்டை மாடி ஸ்லெப்புக்கு ஏறினாள்.

மேற்கே உத்துவன்கந்த மலை. மேகம் மெல்ல விலகியது. முதலில் ஒன்றுமே இல்லை...

பிறகு, மயிரளவு ஒரு வெளிச்சம்.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

"மலைக்கு மேல... கொஞ்சம் இடப் பக்கமா..." என்று விரலை நீட்டினேன்.

அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்டும் தெரியல்ல. ஒங்களுக்குத் தெரியுதுதானே... அது போதும்."

அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இப்போது கடையில் பெரிய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. வேலையும் கூடிவிட்டது. பின்கதவை மட்டும் மூடுவதில்லை. அந்தக் கன்றுகளில் பால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பெருநாள் அறிவிப்பு எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது, ஃபர்ஹானாவின் போனுக்கும்தான்.

ஆனாலும் ஸ்லெப்பில் என் பக்கத்தில் வந்து நின்று, "தெரியுதா?" என்று கேட்பாள்.

தெரியுது என்று நான் சொல்லும்வரை அவளுக்குப் பெருநாள் இல்லை.