பெட்டிக்குள் போட்ட பூனை

என் ஓரகத்திக்குப் புகழ் வந்தது எனக்குக் காய்ச்சல் வந்த அன்று. இரண்டில் எது என்னை அதிகம் படுத்தியது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது.

அவள் என் கொழுந்தனின் மனைவி. நான் வேலை பார்க்கும் பேக்கரியில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். எனக்குக் கேக் மேஜை. பதினோரு வருஷமாக க்ரீமில் பூவும் பெயரும் போடுகிறேன். அவளுக்கு அட்டைப்பெட்டி மடித்து, கேக்கை உள்ளே வைத்து நாடா கட்டுகிற வேலை. க்ரீம் நிரப்பிய பையை ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா என்று பலமுறை கேட்டிருக்கிறாள். அவசர ஆர்டர், அப்புறம் பார்க்கலாம் என்று நானும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற காலம் அல்லவா?

நான் படுத்திருந்த அன்று ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் பூனைமுகக் கேக் தர வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லாததால் அவளே துணிந்துவிட்டாள். போட்டு முடித்த பிறகு தூக்கினால் கலைந்துவிடுமோ என்று பயம். அதனால், பெட்டி மடிக்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனையாக, வெறும் கேக்கை முதலில் பெட்டிக்குள் இறக்கிவிட்டு அங்கேயே பூனை போட்டிருக்கிறாள். அட்டைச் சுவர் மணிக்கட்டை இடிக்க, ஒரு கண் நெற்றிக்கு ஏறியது. இன்னொன்று காதோரம் போனது. வாய் தாடைக்குக் கீழே தொங்கியது. மொத்தத்தில், பல்வலியோடு மாமியார் வீட்டுக்கு வந்த பூனை.

குழந்தையின் அம்மா அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ஊர் உலகமே சிரித்தது. சிரித்ததோடு விட்டார்களா? வரைய ஆரம்பித்தார்கள். கிரீடம் வைத்த பூனை, குடை பிடித்த பூனை, பல் டாக்டர் நாற்காலியில் படுத்திருக்கும் பூனை. ஒருவர் கம்பளி நூலில் பின்னியே அனுப்பிவைத்தார். முதலாளி எல்லாப் படத்தையும் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். என் பூக்களை இத்தனை வருஷத்தில் ஒருத்தர் பென்சிலால்கூட வரைந்தது கிடையாது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கோணல் பூனைதான் வேண்டும் என்றார்கள். முதலாளி என் மேஜையில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து முழு மேஜையும் அவளுக்கு, நீ பின்னால் பிஸ்கட் பக்கம் போய்விடு என்றார். அதற்கு முன்னால் என்னையும் கோணலாகப் போடச் சொல்லிப் பார்த்தார். போட்டேன். பழகிய கை, எவ்வளவு கெடுத்தாலும் அழகாகவே வந்தது. வாங்க வந்த பெண் ஒருத்தி, இது கோணல் மாதிரி நடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்தான் போடுகிறாள் என்பதை நான் மட்டுமே கவனித்திருந்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து பார்க்கிறவர் அல்ல.

ஒரு மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குரலில் தேன் தடவிக்கொண்டு, கேக்கை வெளியே எடு, சொல்லித் தருகிறேன் என்றேன். சுற்றுகிற தட்டில் வைத்தோம். பல்குச்சியால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு கீறச் சொன்னேன். குறுக்குக் கோட்டில் கண்கள், அதற்குக் கீழே வாய். அவள் கையைப் பிடித்து, பையை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று காட்டினேன். நல்லது செய்கிற சாக்கில் ஒருத்தியைக் கெடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அன்றைக்கு அதை ஆசை தீர அனுபவித்தேன்.

ஒரே வாரத்தில் பூனை நேராகிவிட்டது. அதிலும் எனக்கு எரிச்சல்தான். நான் ஒரு வருஷம் தடவித் தடவிக் கற்றதை இவள் ஏழு நாளில் கற்றால் எரியாதா? வந்தவர்கள் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். பழைய பூனை எங்கே என்றார்கள். முதலாளி கெஞ்சினார், திட்டினார். நேராகப் போடத் தெரிந்த பிறகு எதற்குக் கோணலாகப் போட வேண்டும் என்று அவள் அமைதியாகக் கேட்டாள். கடைசியில் அவளை மறுபடி பெட்டி மடிக்கப் போகச் சொல்லிவிட்டார். கதவிலிருந்த படங்களையும் கிழித்தெடுத்தார். முழு மேஜையும் எனக்கே வந்தது.

ஜெயித்த சந்தோஷத்தை உள்ளே வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவளிடம் போனேன். அவள் தலை நிமிராமல் அட்டை மடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றேன்.

"விடுங்கக்கா. எல்லாரும் என் பூனையப் பாத்து சிரிக்கிறாங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும். இன்னும் கோணலாப் போடு, இன்னும் கோணலாப் போடுன்னுதான் ஆளாளுக்குச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல உக்காந்து, சரியாப் போடச் சொல்லிக் குடுத்தீங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி கேக் மேஜைக்கு என்னைக் கூப்பிட்டார். போய்விட்டேன்.